பட்டியலோடு வந்தவர்கள்

23 தை, வெள்ளிக்கிழமை

மகனின் மேலாளர், சென்னைக்காரர், இன்று இந்த வளைகுடா நாட்டில், முவைலாவிலுள்ள எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தார். இடியப்பத்தைப் பிய்த்தபடியே கேட்டார்: "உங்க பசங்க துப்பாக்கி தூக்கினதாலதானேம்மா இலங்கையில சண்டையே ஆரம்பிச்சுது?"

"எண்பத்து மூண்டில கொழும்பில எங்கட வீட்டில துப்பாக்கி இருக்கேல்லை, தம்பி. எரிக்க வந்தவையின்ர கையில தமிழர் வீட்டுப் பட்டியல் இருந்தது. அதை எழுதிக் குடுத்தது ஆர்?"

"அம்மா, சும்மா இருங்கோ. சேர் சொல்லுறது சரிதானே," என்றான் மகன். அடுத்த மாதம் அவனுடைய வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டுமாம். விருந்தாளி மீண்டும் சொதி கேட்டார்; ஊற்றினேன்.

அவர்கள் எரிக்க வந்த அன்று, பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண்ணின் குளியலறைக்குள் ஒளிந்திருந்தபோது, இரண்டு வயதுக் குழந்தையான இவன் அழுதுவிடாதபடி வாயைப் பொத்தியிருந்தேன். அந்தக் கையை எப்போதோ எடுத்துவிட்டதாகவே இத்தனை ஆண்டுகளும் நினைத்திருந்தேன்.