போர்டில் இருந்த எண்

மார்ச் 3

இன்றும் அதே கூத்து. தீயணைப்புக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து அழைப்பு: டேங்கர் லாரியில் வால்வு ஒழுகுகிறது. பின்னால் மாட்டியிருக்கும் ஆரஞ்சு போர்டின் எண்ணைச் சொன்னார்கள். எண்ணைத் தட்டினால் உள்ளே என்ன ரசாயனம், தண்ணீர் அடிக்கலாமா, எவ்வளவு தூரம் விலக வேண்டும் என்பதெல்லாம் திரையில் வரும். படித்துச் சொல்வதுதான் எங்கள் வேலை. பெயிண்ட் தின்னர் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஃபோனில் டிரைவர் பின்னாலிருந்து கத்துகிறான், "அது போன லோடுங்க!" நாலு ஸ்க்ரூவைக் கழற்றி போர்டை மாற்ற அவ்வளவு சோம்பல்.

அதிகாரியிடம் போனேன். லோடு ஏற்றிய இடத்தின் ஃபோன் நம்பர் டேங்கரின் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும். அங்கேயும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்றேன்.

"நாம தகவல் சொல்றவங்கம்மா, துப்பறியுறவங்க இல்ல. போர்டு தப்புன்னா அது டிரைவர் தலைவலி. முதல் நிமிஷத்துல பதில் போகணும், அதான் நமக்கு முக்கியம்."

சரி சார். உங்கள் தலை வலிக்காமல் இருந்தால் போதும்.

மார்ச் 9

அக்கா வீட்டில் சாப்பாடு. மாமாவின் வாய் சும்மா இருக்குமா? அக்காவைக் கட்டியவர், தீயணைப்பு வண்டியிலிருந்து முதல் ஆளாகக் குதிக்கிறவர். "வந்துட்டாங்கப்பா, உட்கார்ந்த இடத்துலயே தீ அணைக்கிற மேடம்!"

"உங்களை மாதிரி எதைப் பாத்தாலும் தண்ணி ஊத்துறதில்ல" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தார். கை கழுவும்போது மட்டும் மெதுவாகச் சொன்னார்: "சும்மா சொன்னேன். உங்க ஆபீஸ்லேந்து பதில் வராம நான் குழாயைத் திறக்கிறதில்ல."

மார்ச் 17

மாமா ஆஸ்பத்திரியில். எழுத முடியவில்லை.

மார்ச் 18

நேற்று மேம்பாலத்துக்குக் கீழே டேங்கர் கசிவு. போனது மாமாவின் வண்டி. டிரைவர் ஓடிவிட்டான். போர்டில் காஸ்டிக் சோடாவின் எண். புகை வருகிறதா என்று கேட்டேன் — இல்லை. நெடி? இல்லை. நிறையத் தண்ணீர் அடித்துக் கழுவச் சொல்லுங்கள் என்றேன். திரையில் அதுதான் இருந்தது.

உள்ளே இருந்தது அடர் கந்தக அமிலம். தண்ணீர் பட்டால் கொதித்துத் தெறிக்கும் — தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேனே! மாமாவுக்கு இடது கண் போய்விட்டது. ஆவி நெஞ்சுக்குள் இறங்கியிருக்கிறது.

பக்கவாட்டில் நம்பர் இருந்ததாம். யாரும் கூப்பிடவில்லை. நானாவது கேட்டிருக்கலாமே? வேண்டாம் என்று அந்த ஆள் சொன்னால் வாயை மூடிக்கொள்வதா? பயந்தாங்கொள்ளி.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா ஒன்றுதான் சொன்னாள். "நீ சொன்னதைத்தானேடி செஞ்சாரு."

மார்ச் 29

விசாரணை. எல்லாரும் சுத்தம். போர்டு டிரைவர் பொறுப்பு என்றது லாரி கம்பெனி. எங்கள் அதிகாரி எழுந்து, "எங்க பதில் முதல் நிமிஷத்துலயே போயிருக்கு" என்றார். பெருமையாக! நானும் எழுந்தேன்.

"சார், அன்னைக்கே உங்ககிட்ட வந்து கேட்டேனே?"

"அப்படி ஒரு பேச்சே ஞாபகம் இல்லையேம்மா."

அப்பாவி மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள இவரிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஏப்ரல் 20

புது விதி வந்திருக்கிறது. இனி போர்டு எண்ணோடு நிறுத்தக் கூடாது, லோடு ஏற்றிய இடத்திலும் விசாரிக்க வேண்டும். அதிகாரியின் யோசனையாம். கூட்டத்தில் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வெட்கங்கெட்டவள்.

ஜூன் 2

அக்கா இன்றும் ஃபோனை எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 14

மதியம் கட்டுப்பாட்டு அறையிலிருந்து அழைப்பு. "டேங்கர் கவிழ்ந்திருக்கு மேடம். போர்டுல அம்மோனியா எண். ஏத்தின இடத்துலயும் கேட்டுட்டேன், அம்மோனியாதான்." பிறகு ஓர் இருமல், நீளமாக.

மாமா. இனி வண்டியில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் ஃபோனில் உட்கார வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன்.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். காற்று முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். மூச்சுக்கருவி இல்லாமல் ஒருவரும் நெருங்கக் கூடாது. தண்ணீரை ஆவியின் மேல் தூவலாம், கசிந்து கிடப்பதன் மேல் படக் கூடாது. ஒவ்வொன்றையும் அவர் தீயணைப்பு வண்டியில் இருப்பவர்களுக்குத் திருப்பிச் சொல்வது கேட்டது.

"வேற ஏதாவது விட்டுப்போச்சா மேடம்?"

"இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பசங்க இறங்காம வண்டியிலயே காத்திருக்காங்க."

திரையை இன்னொரு முறை முதல் வரியிலிருந்து படித்தேன்.

"இல்ல மாமா" — வாயில் வந்துவிட்டது.

அந்தப் பக்கம் மறுபடி இருமல்.

"சரி மேடம்" என்று வைத்துவிட்டார்.