விழுங்கிய பெயர்

பினாங்கு, 1932 அக்டோபர், ஞாயிறு இரவு.

காய்ச்சல் விட்டு இரண்டு வாரமாகியும் கால் நடுங்குகிறது. உடம்பெல்லாம் ஒரே அசதி.

இன்று கோயிலில் வேதபாடம் வாசித்தது நான்தான். இயேசு சுகமாக்கிய பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவன் மட்டும், அதுவும் அந்நியன், நன்றி சொல்லத் திரும்பி வந்த பகுதி. ஆராதனை முடிவில், நான் பிழைத்ததற்காக சாட்சி சொல்ல எழுந்தேன். கர்த்தருக்கு, போதகர் ஐயருக்கு, எனக்காக ஜெபித்த சபையாருக்கு, எல்லாருக்கும் நன்றி சொன்னேன்.

சபையார் யாரும் என் அறைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. தொற்றிக்கொள்ளும் என்று பயம். தினமும் மாடியேறி வந்து கஞ்சி ஊட்டியவர் கீழே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் கனி நானாதான். அவர் பெயர் நாக்கு வரை வந்தது. முன் வரிசை முகங்களைப் பார்த்தேன். கோயிலுக்குள் ஒரு முஸ்லிம் பெயரா என்று விழுங்கிவிட்டேன்.

சாயங்காலம் கடைக்குப் போனேன்.

"கோயில்ல நன்றி சொன்னியா தம்பி?" என்றார் நானா.

"சொன்னேன் நானா."

"சொல்லணும்லா. உனக்காக எத்தன பேரு வேண்டியிருப்பாங்க. நானும் பள்ளிவாசல்ல துஆ கேட்டேன்."

கேட்காமலே இன்னொரு அகப்பை கஞ்சி ஊற்றினார். தலை நிமிராமல் குடித்துவிட்டு வந்தேன்.

சற்று முன் ஜெபத்தில் அவர் பெயரைச் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். இந்த அறையில் சொல்வது சுலபம். திரும்பிப் பார்க்க யாரும் இல்லை.