எதிர்க்க ஆளில்லாத வீடு

1964 மார்ச் 3, செவ்வாய்

காலையிலேயே சுள்ளென்று வெயில். கிணற்றில் வாளி தரை தட்டுகிறது. துவைத்தது: அத்தா வேட்டி இரண்டு, தங்கச்சி ராபியாவின் தாவணி, என் வெள்ளைச் சேலை. எனக்கு இனிமேல் சாயம் போகும் கவலை இல்லை.

சாயங்காலம் ஞானம் டீச்சர் வந்தார். (இனி ஞா.டீ.) பள்ளிக்கூடத்தில் எனக்கு இங்கிலீஷ் எடுத்தவர். அந்த இங்கிலீஷில்தான் போன வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. போயிற்று. மறுபடி எழுது என்று பணம் கட்டியது என் வீட்டுக்காரர். நோன்பு மாசத்தில் டைபாய்டு வந்து மௌத்தாகிவிட்டார். நான் இத்தாவில் இருக்கிறேன், புருஷன் போனவள் இருக்க வேண்டிய நாலு மாசம் பத்து நாள். முடிய ஜூன் ஆகும். அதுவரை வாசல் தாண்டக் கூடாது. பரீட்சையோ இருபத்து மூன்றாம் தேதி, முதல் நாளே இங்கிலீஷ். அப்படியும் ஞா.டீ. வருகிறார், நானும் படிக்கிறேன். இரண்டு பேருக்கும் பைத்தியம்.

இன்றைய சொற்கள்:
ஆப்போஸ் - எதிர்ப்பது.
ஆப்போனன்ட் - எதிராளி. விரோதி இல்லையாம். சடுகுடுவில் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன்.
ஆப்ஸ்டக்கிள் - தடங்கல். கல்லாகவும் இருக்கலாம், காய்ச்சலாகவும் இருக்கலாம்.
ஆப்பர்ச்சூனிட்டி - வாய்ப்பு.

“ஒவ்வொண்ணுக்கும் ஒரு வாக்கியம் எழுது. புஸ்தகத்து வாக்கியம் வேணாம், ஒங்க வீட்டு வாக்கியம் வேணும்” என்றார். ஒன்றும் வரவில்லை.

மார்ச் 5, வியாழன்

காற்று. தோல் பதனிடுகிற ஷாப் நாற்றம் சோற்றுப் பானை வரை.

ஆப்பர்ச்சூனிட்டிக்கு ஞா.டீ. கதை சொன்னார். அந்தக் காலத்துக் கப்பல்காரர்கள் சொல்லாம். துறைமுகத்தைப் பார்த்து அடிக்கிற காற்று என்று அர்த்தமாம். திண்டுக்கல்லில் எந்தத் துறைமுகம், எந்தக் கப்பல்? சிரித்தேன். சிரித்ததற்கு அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். இத்தாவில் சிரிக்கலாமா கூடாதா, தெரியவில்லை.

எரியோட்டில் ஒருத்தர் இருக்கிறார். பெண்டாட்டி இல்லை, மூன்று பிள்ளைகள், தோல் வியாபாரம். “இத்தா முடியட்டும்னு இருக்காக” என்று அம்மா பக்கத்து வீட்டில் மெதுவாகச் சொன்னது கேட்டது. பாஸானால் டீச்சர் டிரெயினிங், அப்புறம் வேலை. இல்லாவிட்டால் எரியோடு.

மார்ச் 8, ஞாயிறு

அத்தா! நான் கேட்கவே இல்லை. தானாகப் பள்ளிவாசலுக்குப் போய், மகள் பரீட்சைக்குப் போகலாமா என்று அசரத்திடம் கேட்டிருக்கிறார். செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தார்.

“ஏம்மா ஜைனு, அவசியம்னா பகல்ல போயிட்டு பொழுது சாயுமுன்ன வந்துறலாமாம்மா. அசரத்தே சொல்லிட்டாக. மறைப்புத் துணி கட்டுன ஜட்காவுக்குச் சொல்லிட்டு வாரேன்.”

சண்டைக்கு எத்தனை நாளாகத் தயார் பண்ணி வைத்திருந்தேன்! ஒன்றும் தேவைப்படவில்லை. கிணற்றடியில் போய் அழுதேன். அம்மா மட்டும், “சாப்டியா?” என்றாள்.

சீஸ் தி ஆப்பர்ச்சூனிட்டி. பாய்ந்து பிடிக்க வேண்டுமாம். பிடிப்பேன்.

மார்ச் 15, ஞாயிறு

வத்தலக்குண்டிலிருந்து ராபியாவைப் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை. நான் திரைக்குப் பின்னால். மாப்பிள்ளையின் தாயார் குரல் நன்றாகக் கேட்டது.

“மூத்த புள்ள இத்தாவுல இருக்குதாமே. வாசப்படி தாண்டாம அடக்கமா இருக்குதுன்னு கேள்விப்பட்டுத்தான் இம்புட்டுத் தூரம் வந்தோம். எங்களுக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

அம்மா திரையைப் பார்த்தாள்.

மார்ச் 16, திங்கள்

அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினாள். பொறுக்கிக்கொண்டே,

“நீ போ ஜைனு. நான் தடுக்கல. அசரத் சொன்னது ஒனக்கும் எனக்கும் தெரியும். வத்தலக்குண்டுக்காரவுகளுக்கு யாரு போய்ச் சொல்லுவா? ராபியாவுக்கு வந்த எடமெல்லாம் தட்டிப் போச்சு. அத மட்டும் நெனச்சுக்க.” எழுந்து போகும்போது, “அத்தாட்டச் சொல்லிராத. தாங்க மாட்டாக.”

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். போகக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அசரத் சொன்னதைத் தூக்கிப் போட்டிருப்பேன். தடுக்கலை என்கிறவளிடம் எதைப் போடுவது?

ராபியா தலை வாரிக்கொண்டிருந்தாள். “போக்கா. எனக்கு வேற எடம் வராமலா போயிரும்?” சீப்பு பாதித் தலையில் நின்றுவிட்டது. இத்தனைக்கும் அவள் அந்த மாப்பிள்ளையைத் திரைச் சந்தில் பார்த்துவிட்டாள். பிடித்துவிட்டது.

வாக்கியம் ஒன்று எழுதினேன், இங்கிலீஷில்தான்: என் வீட்டில் எனக்கு எதிராளி யாரும் இல்லை. ஞா.டீ. சரி போட்டு, “குட்” என்றார்.

மார்ச் 20, வெள்ளி

மேகம் கூடிக் கலைந்தது. தலைவலி. வெஞ்சனம் கருகிவிட்டது, யாரும் திட்டவில்லை. திட்டினால்தான் என்ன?

படிப்பு ஓடுகிறது. எதற்கு என்று தெரியவில்லை. ஆப்போனன்ட், ஆப்போசிட், ஆப்போசிஷன், எல்லாம் மனப்பாடம். பணம் கட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்த மனிதர் மேல் கோபம் கோபமாக வருகிறது. எதற்குத்தான் விடிகிறதோ.

மார்ச் 23, திங்கள்

ஜட்கா வந்தது. மறைப்புத் துணி கட்டி, குதிரைக்குப் புல்லெல்லாம் போட்டு. அத்தா சலவை வேட்டி. ஹால் டிக்கெட்டை அவரே எடுத்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அம்மா இட்லி வைத்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

போகவில்லை என்றேன்.

“என்னம்மா சொல்ற?”

“பயமா இருக்கு அத்தா. படிச்சது ஒண்ணும் ஞாபகம் இல்ல.”

அத்தா வாசலில் நின்றார். கோபப்பட்டே பார்க்காத மனிதர். “ஒனக்காகப் பள்ளிவாசல் வரைக்கும் அலஞ்சேனே. வந்தத நீயே ஒதறிவிட்டா யாரு என்ன செய்றது? இனிமே படிப்புப் படிப்புன்னு எங்கிட்ட வராத.” ஜட்காவைத் திருப்பி அனுப்பிவிட்டு மண்டி வேலைக்குப் போய்விட்டார். பயந்தவள் என்றே இருக்கட்டும்.

மத்தியானம் வத்தலக்குண்டிலிருந்து ஆள் வந்து சம்மதம் சொன்னான். ராபியா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அம்மா நாள் முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

வெயில். ஞா.டீ. வாசலிலேயே நின்று கேள்வித்தாளை நீட்டினார். “பள்ளிக்கூடத்து கேட்டுல நின்னு பாத்தேன்” என்றார். அவ்வளவுதான். உள்ளே வரவில்லை.

அடுப்படியில் உட்கார்ந்து முதல் கேள்வியிலிருந்து கடைசி வரை படித்தேன். எல்லாம் தெரிந்த கேள்வி.

“கஷ்டமாவா கேட்டிருக்கான்?” என்றாள் அம்மா.

“ரொம்பக் கஷ்டம்மா. போயிருந்தாலும் பெயில்தான்.”

அதற்கப்புறம்தான் அம்மா தட்டை எடுத்துச் சோறு போட்டுக்கொண்டாள்.