சட்டைப் பையில் போன கண்ணாடி

கண் ஆபரேஷன் முடிந்து எனக்குப் புதுக் கண்ணாடி வந்திருக்கிறது. அதன் பெட்டியை மூடும்போது ‘டப்’பென்று ஒரு சத்தம். கேட்டதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. வீட்டில் வேறு யாரும் இல்லை, உன்னிடம்தான் பேச வேண்டியிருக்கிறது.

அறுபத்தெட்டாம் வருஷம் கடத்தூரில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருந்தோம். காலையில் உன் வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பும்போது உன் கண்ணாடியைக் கழற்றி வாங்கி, பெட்டியில் வைத்து மூடி, தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். “கண்ணுக்கு ரெஸ்ட் வேணுமுங்க” என்பார் என்னிடம். சாயங்காலம் வந்துதான் தருவார். அதுவரை அரிசியில் கல்லை நீ விரலால் தடவித் தேடுவாய். அம்மா வீட்டுக் கடிதம் அவர் வரும்வரை பிரிக்காமலே கிடக்கும்.

அதைப் பிரியம் என்றே நினைத்தேன். “உன் கண்ணையே கையோட கொண்டுட்டுப் போறாரு, குடுத்து வெச்சவடி நீ” என்று குழாயடியில் கேலி பேசினேன். பொறாமையும் இருந்தது. என் வீட்டுக்காரர் கை நீட்டுகிறவர். ரவிக்கைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு நான் தண்ணீர் பிடித்த காலம் அது.

ஒரு நாள் மத்தியானம் சுவரைப் பிடித்துக்கொண்டே என் வாசலுக்கு வந்தாய். கையில் துணிப்பை.

“அக்கா, மொரப்பூர் பஸ்ல ஏத்தி வுடுங்கக்கா. போர்டு கண்ணுக்குத் தெரியாது. அம்மா வூட்டுக்குப் போயிடறேன்.”

“அடிச்சாரா?”

“இல்லீங்கக்கா.”

“அப்பறம் என்னடி? அடிக்காத புருசனை வுட்டுட்டு யாராச்சும் போவாங்களா?”

அவர் செய்வதற்கு என்ன பெயர் என்று உனக்கும் தெரிந்திருக்காது. நானே கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உன் வீட்டில் விட்டேன். பஸ் நிற்கும் இடம் கூப்பிடு தூரம்தான். அதன்பின் நீ என் வாசலுக்கு வரவே இல்லை. சில மாதத்தில் தருமபுரிக்குக் குடிபோனீர்கள். எழுபத்திரண்டில் யாரோ சந்தையில் சொன்னார்கள், நீ காய்ச்சலில் போய்விட்டாய் என்று.

இரண்டு வீட்டிலும் நடந்தது ஒன்றுதான் என்று புரிய எனக்கு வெகுகாலம் பிடித்தது. அதைச் சொல்ல நீ இல்லை.

இப்போது தெருவில் எந்தப் பெண் முகம் வாடி வந்து உட்கார்ந்தாலும், அடித்தானா என்று நான் முதலில் கேட்பதில்லை. “வெளிய போறப்ப உங்கிட்டருந்து எதை எடுத்துட்டுப் போறான்?” என்று கேட்கிறேன். போன வாரம் ஒருத்தி, “செல்போனுங்க” என்றாள். கூடவே நடந்துபோய், போர்டை இரண்டு தடவை படித்துவிட்டு, அவளை அவள் அம்மா ஊர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

அவள் பக்கத்தில் உனக்கும் ஒரு சீட் காலியாக இருந்தது.