இரண்டாம் நபரின் நெஞ்செரிச்சல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு இருவரும் நலம் என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன், ஆனால் இருவரில் யார் நலம், எதனால் நலம் என்பது எனக்கே குழப்பமாக இருப்பதால் அந்த வார்த்தையை இப்போதைக்கு நிறுத்தி வைக்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அதை முதலில் எழுது.

இரண்டு வருடமாக அம்மாவுக்குத் தூக்கமில்லை என்று நீதான் பிடிவாதமாகச் சொன்னாய், கண்ணாடிக் கடை மாடியில் இருக்கும் ஆயுர்வேத வைத்தியம்மாவிடம் போனோம். எனக்கும் சேர்த்தே பார்த்துவிடலாம் என்றார். வாதம், பித்தம், கபம் மூன்றும் உடம்பில் நிதானமாக இருக்கவேண்டும், அதற்கு மருந்தைவிட அன்றாடப் பழக்கம்தான் முக்கியம் என்று ஆளுக்கு நாற்பது கேள்வி கொடுத்தார். பதில்களை நான்தான் எழுதினேன். தகவல் தந்தவர் பெயரை வெளியே விடாமல் முப்பத்தாறு வருடம் செய்தி எழுதிய கை, பெயர் போடும் இடத்தில் முதல் நபர், இரண்டாம் நபர் என்று எழுதிவிட்டது. வயித்துப் பொருமலை மறைச்சு யாரைக் காப்பாத்தப் போறீங்க என்று அம்மா அப்போதே கேட்டாள். ஒரு வாரத்தில் ஆளுக்கொரு பழக்கக் குறிப்பாக இரண்டு தாள்கள் வந்தன. முதல் நபர் நான்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

அதன்படி எனக்குக் காலையில் இஞ்சி வெந்நீர், சாப்பாட்டில் நல்லெண்ணெய், படுக்குமுன் அதையே சூடாக்கிப் பாதத்தில் தேய்ப்பது. அம்மாவுக்குக் காரம், புளிப்பு குறைவு, காபி கூடவே கூடாது, சாயங்காலம் நடை. ஒரு மாதம் ஆகிறது. அவள் ஆறு மணி நேரம் தூங்குகிறாள், தினமும் கேட்டுக் குறித்து வைத்திருக்கிறேன். எனக்கோ நெஞ்சு எரிகிறது. சந்தேகப்பட்டுப் பதில்களின் நகலை எடுத்துப் பார்த்தேன். முதல் நபருக்குக் கைகால் சில்லிடும், தூக்கம் பிடிக்காது என்று இருக்கிறது, அது அம்மா. இரண்டாம் நபருக்குப் புளித்த ஏப்பம், முன்கோபம். அது யார் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை.

வைத்தியம்மாவிடம் ஓடினேன். உங்களுக்கு எரியறது சரிதான் சார், அவங்களுக்கு எப்படித் தூக்கம் வந்துச்சு என்று என்னையே கேட்கிறார். தவறாகச் செய்தி போட்டால் மறுநாளே திருத்தம் போட்டவன் நான். ஆனால் இதைச் சொன்னால் அவளுக்கு வந்த தூக்கம் போய்விடுமோ, சொல்லாமல் விட்டால் பொருந்தாத பழக்கம் வேறு எதையாவது கிளப்பிவிடுமோ, ஒன்றும் புரியவில்லை. சொல்லவா, வேண்டாமா? அம்மா எழுதக் கடைசியில் வழக்கமாக விடும் இடத்தை இந்த முறை விடவில்லை. நாளைக் காலையில் நானே தபாலில் போடுகிறேன்.

திரையையே பார்த்துக்கொண்டிருக்காமல் கண்ணுக்கு ஓய்வு கொடு. பதிலை என் பெயருக்கு மட்டும் போடு, மறந்துவிடாதே. நீ எல்லா நலமும் பெற்று நிறைவாக இருக்கவேண்டும் பாப்பா.

இப்படிக்கு,
இரண்டாம் நபராகிய உன் அப்பா

பாப்பா, பின்பக்கத்தில் அம்மா எழுதுகிறேன். அப்பா இதை அகராதிக்குள் ஒளித்து வைத்திருந்தார், கல்யாணமான நாளிலிருந்து எதையும் அங்கேதான் ஒளிப்பார். அவருக்கு இஞ்சி வெந்நீர் கொடுப்பதை இன்றோடு நிறுத்திவிட்டேன். கிண்ணத்தில் மிஞ்சும் சூடான எண்ணெயைக் கொட்ட மனசு வராமல் தினமும் என் காலில் தேய்த்துவிடுகிறார், அதை எங்கேயாவது குறித்து வைத்திருக்கிறாரா பார். தாளை மாற்றிக்கொள்ளச் சொல்லி எழுது. எண்ணெய் தேய்க்கும் கை மட்டும் மாறக்கூடாது என்றும் எழுது.