கல்லின் முதுகு

இன்று காலை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் விரலில் உப்புத்தண்ணீர் வாடை போகவில்லை. சாயப்பட்டறையில் மூட்டை மூட்டையாக உப்புக் கரைத்த கைதான் இது. ஆனாலும் இந்த வாடை வேறு, உங்கள் மீன்தொட்டியின் வாடை. மோந்து பார்த்ததும் பழைய வயிற்றெரிச்சல் வந்துவிட்டது. போய்ச் சேர்ந்த மனிதரைப் பார்த்துமா என்று கேட்காதீர்கள். ஆமாம், உங்களைப் பார்த்தும்தான்.

இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே கடையில்தானே வாங்கினோம்? மூன்றடித் தொட்டி, ஒரே மூட்டை மணல், ஒரே பெட்டியிலிருந்து பிரித்துக்கொண்ட கடல் கற்கள். நீங்கள் நிட்டிங் மெஷினில் நூலைத் துணியாக ஓட்டுகிறவர், நான் அந்தத் துணிக்குச் சாயம் போடுகிறவன். அதுவரை நமக்குள் நூலும் நிறமும்தான் பேச்சு. இரண்டாவது வாரமே இரண்டு தொட்டியிலும் பழுப்புப் பாசி படிந்தது. புதுத் தொட்டி என்றால் அப்படித்தான், தானே போய்விடும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். நீங்கள் கேட்டுக்கொண்டீர்கள். வெள்ளை மணலில் பழுப்பைப் பார்த்துவிட்டு ஒரு டையிங் மாஸ்டர் சும்மா இருப்பானா?

கற்களை வாளியில் அள்ளிக்கொண்டு பட்டறைக்கே போனேன். துணி வெளுக்கிற பெராக்சைடை விட்டு, கொதிக்கவைத்து, இரண்டு தண்ணீர் அலசி எடுத்தேன். பால்வெள்ளை! அதை உங்களிடம் கொண்டுவந்து காட்டினேன் பாருங்கள், அந்தப் பெருமையை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

"ஏனுங்க மாஸ்டர், உசுருள்ள கல்லுன்னு சொல்லித்தானுங்க வாங்குனோம்? அதையப் போயி வேக வெச்சுட்டு வந்துட்டீங்களே!"

தண்ணீரைச் சுத்தமாக வைக்கிற நுண்ணுயிர்கள் அந்தக் கல்லுக்குள்தான் இருந்தன என்பது பிறகுதான் புரிந்தது. பழுப்புப் போய், முடிமுடியாகப் பச்சைப் பாசி வந்தது. தண்ணீர் முழுவதையும் மாற்றினேன். முன்னைவிட அடர்த்தியாக வந்தது. நீங்களோ விளக்கு எரியும் நேரத்தைக் குறைத்தீர்கள், மீனுக்குத் தீனியைக் குறைத்தீர்கள், நாலு நத்தையை விட்டீர்கள், வாரம் ஒரு வாளித் தண்ணீர் மாற்றினீர்கள். அவ்வளவுதான். உங்கள் தொட்டி பளிங்கு.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உங்கள் வீட்டுக்கு வந்தது காபிக்கு என்றா நினைத்தீர்கள்? துளிப் பாசியாவது கண்ணில் படாதா என்றுதான் வந்தேன். சுவர் அலமாரிக்குள் தொட்டி, அதற்குள் மதில்போல் அடுக்கிய கற்கள். மேலே எக்கிப் பார்க்கப் போனால் தோளைப் பிடித்து இழுத்துவிடுவீர்கள்.

"துணியாட்டம் பொரட்டிப் பாக்காதீங்க மாஸ்டர். முகத்தப் பாத்தாப் போதுமுங்க."

போன ஐப்பசியில், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டீர்கள். சில நாள் கழித்து உங்கள் மனைவி கூப்பிட்டார். "எனக்கு இதையப் பாத்துக்கத் தெரியலீங்ணா. நீங்களே எடுத்துட்டுப் போயிருங்க."

முதல் கல்லைத் தூக்கியபோது கை வழுக்கியது. திருப்பிப் பார்த்தேன். முதுகு முழுக்கப் பச்சைப் பாசி! அடுத்த கல்லும் அப்படியே. என்னுடையதைவிட நீளம். மாலை போட்ட உங்கள் படத்துக்கு முன்னால், வெட்கமே இல்லாமல், "அப்பாடா!" என்று வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

உங்கள் மனைவி கோபித்துக்கொள்ளவில்லை. அவரும் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உங்களுக்குத் தெரியவே கூடாதும்பாருங்ணா. ஞாயித்துக்கெழமையானா வெடியால எந்திரிச்சு, பழைய பல்லு பிரஷ்ல முன்பக்கம் பூராத் தேச்சுட்டு உக்காந்திருப்பாருங்க. 'மாஸ்டரு போடற கலரப் பாத்து இருவது வருசமா எனக்கு வயிறு எரியுது. ஒண்ணுலயாச்சும் அவருக்கு எரியட்டும்'பாரு."

இருபது வருடம்! சாம்பிளில் நிறம் ஒத்துவந்த ஒவ்வொரு தடவையும் முதலில் கைகொடுத்தவர் நீங்கள்தானே. ஒரு தடவைகூட முகத்தில் தெரியவில்லையே ஐயா. இதிலும் என்னை ஜெயித்துவிட்டீர்கள் என்று இன்னொரு பங்கு எரிந்தது.

தொட்டி இப்போது என் வீட்டில். அந்தப் பிரஷும் என்னிடம்தான். கல்லின் முதுகை மட்டும் நான் தொடுவதில்லை, வெளுக்கவும் மாட்டேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையிலேயே எழுந்து முன்பக்கம் முழுக்கத் தேய்த்து முடித்துவிட்டு, வாசற்கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருக்கிறேன்.

தொட்டி பளிங்காக இருக்கிறது. பார்த்து வயிறு எரியத்தான் ஆள் இல்லை.