இணைச்சீர் வரைக்கும்

1968 தை 9
தும்மினேன். அடக்க முடியவில்லை, சேலை நனைந்துவிட்டது. பிசிறு வெட்டிக்கொண்டிருந்த பனியன்களைத் தள்ளி வைத்துவிட்டுப் போய் மாற்றிக்கொண்டேன்.
குழந்தைக்கென்று வீட்டுக்காரர் கம்பெனியிலிருந்து வேஸ்ட் துணி கொண்டுவந்தார். மெத்தென்று இருக்கும். ஓரம் மடித்துத் தைத்து வைத்தேன். கார்த்திகையில் ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்கள். பெண். அழவே இல்லை. அவளுக்கு வைத்த துணியை இப்போது நான் வைத்துக்கொள்கிறேன்.

தை 14
பொங்கலூரிலிருந்து அம்மா வந்தது. தம்பி அர்த்தநாரிக்கு வைகாசியில் கல்யாணம். கூடப் பிறந்தவள் நான் ஒருத்தி, இணைச்சீர் நான்தான் செய்ய வேண்டும். மாப்பிள்ளை பக்கத்தில் பேழைமூடிக் கூடையைச் சுமந்துகொண்டு, ஊரே பார்க்க நிற்க வேண்டும். நின்ற இடம் நனைந்தால்?
பெரியப்பா மகள் சாமியாத்தாளும் கூட வந்தாள். உள்ளே வந்ததும் மூக்கை உறிஞ்சினாள்.
"ஏனுங்க்கா, கொழந்தையில்லாத ஊட்டுல கொழந்த வாசம் அடிக்குது?"
விளையாட்டாகத்தான் கேட்டாள். அம்மா அதட்டியது. நான் சிரித்து வைத்தேன்.

தை 15
என்னால் ஆகாது, சாமியாத்தாளே சீர் செய்யட்டும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். துக்கத்தில் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டது. போகட்டும்.

தை 19
அர்த்தநாரி சைக்கிளில் வந்தான். காப்பியைக்கூடத் தொடவில்லை. "நீ நிக்காட்டி எனக்கு அந்தச் சீரே வேண்டாக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.
சாயங்காலம் வீட்டுக்காரரிடம் எல்லாம் சொன்னேன். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார் என்று பயந்தேன். கேட்கவில்லை.

தை 22
லீவு போட்டுவிட்டு அவரே கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டரம்மா கையுறை போட்டு உள்ளே பார்த்தார். கூச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். பிள்ளைப்பேற்றில் உள்சதை தளர்ந்துவிட்டதாம். ஒன்றுக்குப் போகிறதை அடக்குகிற மாதிரி இறுக்கி, கொஞ்ச நேரம் பிடித்து, விட வேண்டும். முதலில் படுத்துக்கொண்டு, அப்புறம் உட்கார்ந்து, கடைசியில் நின்றுகொண்டு. மருந்தே இல்லையா? ஏமாற்றமாக இருந்தது.
"மொதல்ல அலுப்பா இருக்கும். ஒரு நாள் நல்லா இருக்கும், மறுநாள் பழையபடி ஆகும். பயந்து உட்டுராத கண்ணு. மாசக் கணக்குல ஆகும்" என்றார்.

மாசி 3
அடிவயிறு வலி. நனைவது நிற்கவில்லை. தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டேன்.

மாசி 20
இன்னும் மோசம். மறுபடி கோயமுத்தூர் போனோம். டாக்டரம்மா செய்து காட்டச் சொன்னார். செய்தேன். கையை வைத்துப் பார்த்தார்.
நான் இறுக்கவே இல்லையாம். மூச்சை அடக்கி முக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். பிரசவ அறையில் ரெண்டு ராத்திரி முக்கு முக்கு என்றார்களே, உடம்புக்கு அது ஒன்றுதான் தெரிகிறது.
"பொறப்பு முடிஞ்சிருச்சு கண்ணு. இனிக் கீழ தள்ள ஒண்ணுமில்ல. மூச்சை உட்டுட்டு உள்சதைய மேல இழு."
முடிஞ்சிருச்சு — இதை இதுவரைக்கும் யாரும் என்னிடம் சொல்லவில்லை. அங்கேயே அழுதேன். டாக்டரம்மா அவசரப்படுத்தவில்லை.
அம்மா வயிற்றில் இறுக்கிக் கட்டிவிட்ட துணியையும் அவிழ்க்கச் சொன்னார். அதுவும் கீழேதான் அழுத்துமாம். தண்ணீர் நன்றாகக் குடிக்க வேண்டுமாம்.

பங்குனி 11
இருமினேன். ஒன்றும் இல்லை.

பங்குனி 12
குடத்தைத் தூக்கினேன். நனைந்துவிட்டது. டாக்டரம்மா சொன்னதுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். தேறவில்லை.

பங்குனி 25
நாலைந்து நாளாகத் துணி காய்ந்தபடியே இருக்கிறது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? முடியவில்லை. இதுவும் போய்விட்டால் அவள் வந்துபோனதற்கு அடையாளமாக என்ன இருக்கிறது? பைத்தியம் மாதிரி இருக்கிறதே என்று தெரிந்தும் அவரிடம் சொல்லிவிட்டேன்.
அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "அவ மூக்கு உன்ற மூக்குதான். நான் பாத்தேன்ல" என்றார்.
என்னிடம் அவள் முகத்தை யாரும் காட்டவே இல்லை. அவர் இத்தனை நாள் அவளைப் பற்றி ஒரு பேச்சுப் பேசியதில்லை. நெற்றி எப்படி, விரல் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். சோறு ஆறிவிட்டது.

சித்திரை 16
நானே நிற்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். சாமியாத்தாளுக்கு முகம் சுண்டிவிட்டது. "நான் ஜாக்கெட்டெல்லாந் தெச்சுப்போட்டேனுங்க்கா" என்றாள். போட்டுக்கொண்டு என் பக்கத்தில் நில்லு, கூடை கனத்தால் ஒரு கை கொடு என்றேன். சிரித்துவிட்டாள்.

வைகாசி 13
சீர் ஆயிற்று. பயத்தில் துணி வைத்துக்கொண்டுதான் போனேன். கூடை கனம். சாம்பிராணிப் புகை நேராக மூக்குக்கு வந்தது. தும்மல் வருவது தெரிந்ததும் மூச்சை விட்டு மேலே இழுத்தேன். தும்மினேன். அப்படியே நின்றேன்.
"காலு வலிக்குதாக்கா?" என்று அர்த்தநாரி முணுமுணுத்தான்.
"பேசாம நில்லு சாமி. மாப்பிள்ளை பேசப்படாது."
வீட்டுக்கு வந்து பார்த்தேன். துணி காய்ந்து, மடித்தது மடித்தபடி.

வைகாசி 21
பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன், ஒரு சொட்டு. பரவாயில்லை, இன்னும் இழுக்க வேண்டியது இருக்கிறது.
அவளுக்குத் தைத்ததில் நான் எடுக்காத துணிகள் மீதி இருந்தன. வெந்நீரில் அலசி, ஒளிக்காமல் வாசல் கொடியிலேயே காயப்போட்டு, பெட்டியில் மடித்து வைத்தேன். அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.
"இருக்கட்டுமா?" என்றார்.
"இருக்கட்டுங்க" என்றேன்.